மாமாவின் சுத்த வம்ச ஜிலேபி மீன்

இன்று காலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்... கையில் தாம்பூலத் தட்டு, வாசலில் குட்டியானை வண்டி நிறைய மீன் குஞ்சு!

(தட்டு, அவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு எங்களை அழைக்க. குஞ்சு, என் தம்பியை ஒரேயடியாக ஒழிக்க.)

மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. ஆரணியில் பட்டுப் புடவை வியாபாரம், சொந்தத் தறிகள் உண்டு. சில வருடங்களாக ஜிலேபி மீன் குஞ்சும் உற்பத்தி செய்து விற்கிறார்.

பட்டு தெரிந்தவருக்கு மீனும் தெரியும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அந்த மகானுபாவர் யாரென்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

தறியில் டிசைன் அட்டை என்று ஒன்று உண்டு. ஓட்டை போட்ட அட்டைகளின் வரிசை. நல்ல டிசைன் ஒன்று அமைந்துவிட்டால், அதே அட்டையை மாட்டி அதே புடவையை எத்தனை வேண்டுமானாலும் நெய்துகொண்டே போகலாம்.

மாமா மீனையும் அப்படித்தான் நெய்தார்!

குளத்திலேயே பெரிய ஆண் ஒன்று, பெரிய பெண் ஒன்று. மீதியெல்லாம் குழம்புக்கு. அந்த ஜோடியின் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்குள்ளேயே பிள்ளைகள், பிறகு அவற்றுக்குள்ளேயே பேரப்பிள்ளைகள். வெளி மீன் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. வந்தால் கலப்படமாம்.

என் தம்பி பாபு பெங்களூர் வேலையை விட்டுவிட்டு தேசூர் பக்கம் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். போன வருடம் விட்டது மாமாவின் குஞ்சுதான். (வேறு இடத்தில் வாங்கினால் அம்மாவின் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமே!)

பாதி மீன் வளரவே இல்லை. சிலவற்றுக்கு முதுகு வளைந்திருந்தது. மழைக்காலத்தில் உடம்பெல்லாம் புண் வரும் நோய் ஒன்று வந்தது. பக்கத்துக் குளத்துக்காரர் நாலைந்து இடத்துக் குஞ்சுகளைக் கலந்து விட்டவர். அவருக்கும் அதே நோய் வந்தது, கொஞ்சம் செத்தன, மற்றவை தேறிக்கொண்டன.

பாபுவின் குளத்தில் எல்லாமே மிதந்தன. அவன் கரையில் உட்கார்ந்து அழுதான்.

இந்த வருடமும் போனால் குளத்தை விட்டுவிட்டு மறுபடியும் பெங்களூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

மாமா உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"பாபு, ஜல்தியா கெளம்பு! ஆக்சிஜன் பையில போட்டு எடுத்தாந்துகிறேன். லேட்டானா குஞ்சு தாங்காது."

பாபு எழுந்திருக்கவே இல்லை. "வேணாம் மாமா. உங்க மீனு எல்லாம் ஒரே குடும்பம். ஒண்ணால தாங்க முடியாத நோவு வந்தா எதாலயும் தாங்க முடியல. மீன்துறை டிரெயினிங்ல சொன்னாங்க மாமா, மலையில ட்ரவுட் மீன் வளக்கறவங்ககூட எத எதோட சேக்கறோம்னு பாத்துப் பாத்துதான் குஞ்சு எடுக்கணுமாம்."

"ட்ரவுட்டா? அத ஆரணி மார்க்கெட்ல எவன்டா வாங்கித் துன்றான்?"

(அறிவியலுக்கு மாமாவின் பதில் இவ்வளவுதான். மேடை போட்டு மாலை போடலாம்.)

"உன் குளத்துத் தண்ணி பேஜாரு, என் மீனு மேல பழி போடறியா? என்னுது சுத்த வம்சம்! அக்கா, பாரு உன் புள்ள பேசிகினு இருக்கறத!"

இத்தனை வருடத்தில் தம்பியை அம்மா எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. காபி கொடுத்தார். தட்டை வாங்கி வைத்தார்.

"மாப்ள எந்த ஊருடா?" என்று மட்டும் கேட்டார்.

"வந்தவாசிக்கா. நமக்கு சொந்தமே கெடையாது." மாமாவின் குரல் திடீரென்று குழைந்தது. "பாபுவுக்கு கேப்பியோன்னு நெனச்சேன், கோச்சிக்காத. நம்ம அப்பா அம்மாவும் சொந்தம், நானும் சொந்தத்துலதான் கட்டினேன். திரும்பத் திரும்ப உள்ளயே கட்டினா பொறக்கற கொழந்தைக்கு கொற வருமாம், நோவு வந்தா தாங்காதாம். டாக்டரம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. வெளிய குடுக்கறதுதான் நல்லதாம்!"

எனக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது.

அட மனுஷா! தெரிந்திருக்கிறது! பாடம் முழுக்கத் தெரிந்திருக்கிறது! தன் வீட்டுக்கு மட்டும்!

(ஒன்று சொல்லிவிடுகிறேன். மகள் விஷயத்தில் மாமா செய்தது சரிதான். பாபுவுக்கும் அந்த எண்ணமே கிடையாது, அவளைத் தூக்கி வளர்த்தவன் அவன்.)

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு மாமாவைப் பார்த்து, கோபமே இல்லாமல், அவருக்கு இன்னொரு வாய் காபி ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"நல்ல காரியம் பண்ணடா தம்பி. பொண்ண வெளிய குடு, நாங்க குடும்பத்தோட வந்து ஆசீர்வாதம் பண்றோம். குஞ்ச நாங்களும் வெளிய எடுத்துக்கறோம். வண்டிய திருப்பிகினு போயி உன் குளத்துலயே வுடு, பாவம் செத்துடப் போவுது."

மாமா அந்தக் காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

வண்டி தெருமுனை திரும்பும் வரை பாபு வாசலிலேயே நின்றான். உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

நண்பர்களே, சேத்துப்பட்டு, வந்தவாசி சுற்று வட்டாரத்தில் நல்ல ஜிலேபி குஞ்சு கிடைக்கும் இடம் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். ஒரு இடம் போதாது, நாலைந்து இடம் வேண்டும்.

விற்பவர் எங்களுக்குச் சொந்தக்காரராக இல்லாமல் இருந்தால் ரொம்ப விசேஷம்!