மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்தது

அன்றைக்கு கராஜில் இருந்தவர்கள்: நான். என் மகள், ஆறு மாதக் கர்ப்பம். அவள் வீட்டுக்காரர். ஆறு வயதுப் பேத்தி. பிறகு இருபது பவுண்டு அரிசி மூட்டை நான்கு.

மூட்டைகளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவையும் வேலை பார்த்தன.

நடுவில் ஸ்னோமொபைல் நின்றது. பனியில் ஓட்டுகிற வண்டி. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டை. பின்னால் ரப்பர் பட்டை. மாப்பிள்ளை ஆபீஸ் நண்பரிடம் பழையதாக வாங்கினார். நாங்கள் இருக்கிற டெக்சாஸ் பேர்லேண்டில் பனி கிடையாது. நவம்பரிலும் வீட்டில் ஏசி ஓடியது. டிசம்பரில் டிரெய்லரில் ஏற்றி கொலராடோ கொண்டுபோய், மலைப்பாதையில் நண்பர்களோடு ஓட்டுவதாக ஏற்பாடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாடகை வண்டியில் இப்படித்தான் போனார். ஒரு மேட்டில் ஏறி இறங்கியதில் இடுப்பு டிஸ்க் விலகி, இரண்டு மாதம் படுக்கை. இன்னொரு அடி பட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிப்ரவரியில் குழந்தை வேறு.

மகள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "ஸ்பிரிங்க உங்க வெயிட்டுக்கு கரெக்டா செட் பண்ணிட்டுப் போங்க. இல்லன்னா போகாதீங்க."

செட் பண்ணுவது பெரிய வித்தை இல்லை. வண்டியின் பின்பக்கத்தை முழுக்கத் தூக்கி, பின் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். பிறகு ஆள் ஏறி உட்கார்ந்ததும் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று அங்குலம் இறங்கினால் சரி. குறைவாக இறங்கினால் ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டும். அதிகம் இறங்கினால் இறுக்க வேண்டும். இறுக்க, தளர்த்த ஒரு திருகு. அதில் ஒன்றிலிருந்து ஐந்து வரை நம்பர். ஒன்று மெத்தென்று, ஐந்து கெட்டி.

முதலில் அவர்தான் உட்கார்ந்தார். அளக்க ஆள் இல்லை. மகளைக் குனிய நான் விடவில்லை. எனக்கு முட்டி மடங்காது. பேத்தி டேப்பைப் பிடித்தாள். எப்போது கேட்டாலும் "செவன்" என்றாள்.

"அப்ப நீங்க அளங்க. அம்மா உக்காரட்டும்" என்றாள் மகள்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை முன்னால் மாமியார் உட்காருவதில்லை. கல்யாணமாகி எட்டு வருஷமாக நான் உட்கார்ந்ததில்லை. நேராகப் பேசுவதும் இல்லை. எதுவானாலும் மகளிடம் சொல்வேன், அவள் சொல்வாள். காரில் பின் சீட்டில் உட்காருவேன். அங்கே அவர் முதுகுதான் தெரியும். அது கணக்கில் வராது.

"அவரு இடுப்புக்காகம்மா" என்றாள்.

ஏறினேன்.

அவர் உடுப்போடு தொண்ணூறு கிலோ. நான் ஐம்பது. அவருடைய பனிக்கோட்டு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் எனக்கு மாட்டினார்கள். அது நாலு கிலோ. மிச்சத்துக்கு அரிசி. இரண்டு மூட்டையை என் முதுகுக்குப் பின்னால் வைத்துப் மகள் பழைய சேலையால் கட்டினாள். இரண்டு மடியில்.

கராஜ் கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டுச் சென்னைப் பெண் நாயோடு போனவள் நின்றாள்.

"என்ன ஆன்ட்டி, ஊருக்குக் கிளம்பிட்டீங்களா?"

"இல்லம்மா. எடைக்கு உக்காந்திருக்கேன்."

"ஓ, ஓகே ஆன்ட்டி" என்று போய்விட்டாள். நாய்தான் கொஞ்ச நேரம் பார்த்தது.

மாப்பிள்ளை அளக்கப் பின்னால் குனிந்தார். அளக்குமுன் நான் சரியாக உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்க்க எழுந்து முன்னால் வந்தார். நான் எழுந்துவிட்டேன். மடி மூட்டை இரண்டும் கீழே விழுந்தன.

"அம்மா, எந்திரிக்காத."

"பழக்கம் கண்ணு."

மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி வந்தார். மறுபடி எழுந்தேன். மகள் திட்டினாள். அதன் பிறகு ஒரு வழி செய்தேன். இடது காலை வண்டிமேல் வைத்தேன். வலது காலைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டேன். நீளக் கோட்டு, வெளியே தெரியாது. பாதி உட்கார்ந்தேன், பாதி நின்றேன். மரியாதையும் கெடவில்லை.

திருகு மூன்றில் இருந்தது. ஒன்றரை அங்குலம்தான் இறங்கியது. இரண்டுக்குத் தளர்த்தினார். ஒன்றே முக்கால். ஒன்றுக்குத் தளர்த்தினார். இரண்டு.

"இதுக்கு மேல லூஸ் பண்ண முடியாது. ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு. இதைவிட சாஃப்டா வேற வாங்கணும்" என்றார் மகளிடம்.

"வாங்கிக்குங்க. இடுப்பவிட அது பெருசா" என்று சொல்லிவிட்டு, பேத்திக்குச் சோறு போட உள்ளே போனாள். பேத்தியும் போனாள்.

கராஜில் அவரும் நானும். அவர் போனை எடுத்து ஸ்பிரிங் தேடினார். ஹெல்மெட்டுக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. இரண்டாவது அளவு எடுக்கும்போதே எனக்குத் தெரியும். அளவு குறைவது ஸ்பிரிங்கால் இல்லை, என் காலால். இதைவிட மெத்தென்ற ஸ்பிரிங் போட்டு மேட்டில் ஏறினால் வண்டி அடிவரை உட்கார்ந்து இடிக்கும். இடி நேரே இடுப்புக்குப் போகும்.

மகளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஹெல்மெட்டை மீறிச் சத்தம் போகவில்லை.

அவர் விரல் போனை அழுத்தப் போனது.

"மாப்பிள்ளைங்க."

நிமிர்ந்தார். யார் கூப்பிட்டது என்று உள்கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாங்காதீங்க. நான் சரியா உக்காரலைங்க. கால் தரையில இருந்துச்சுங்க."

"எவ்வளவு நேரமா அத்தை?"

"முதல்ல இருந்துங்க."

போனைப் பைக்குள் போட்டார். "பரவால்ல அத்தை. இப்ப வைங்க."

வலது காலையும் தூக்கி வைத்தேன். அவர் எதிரிலேயே நின்றார். முழுசாக உட்கார்ந்தேன். பின்னால் போய் அளந்தார்.

"அஞ்சு."

ஜாக்கி வைத்துத் தூக்கினார். நானும் மூட்டைகளும் மேலே போனோம். திருகை இரண்டுக்கு மாற்றி இறக்கினார். நாலரை. மறுபடி தூக்கினார். மூன்றில் வைத்தார். நாலுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு தடவையும் முன்னால் வந்து என்னிடமே சொன்னார். நான் எழவில்லை.

திருகை நாலுக்கு மாற்றினார். இறக்கினார். குனிந்து இரண்டு முறை அளந்தார். முன்னால் வந்தார்.

மூன்று.