காலி லாரியின் பக்கத்து இருக்கை

மூன்றாவது வேனையும் யுவராணி விட்டுவிட்டாள். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் வேன். உட்கார இடமும் இருந்தது. ஆனாலும் ஏறாமல், ஓட்டுநர் ஆள் சேர்ப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, டெய்லி வந்து நின்னுகினு கீற, ஏறவும் மாட்டேன்ற. ஆர்டிஓ ஆபீஸா?"

"ஐயே, அதெல்லாம் இல்லண்ணா. சும்மா பாக்கறேன்."

சும்மாவாவது! அவள் வேலையே அதுதான். அம்பத்தூரில் ஆன்லைன் போர் விளையாட்டு தயாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறாள். ஆயிரக்கணக்கானோர் இரண்டு நாடாகப் பிரிந்து ஆடுவது. எல்லைக்கோட்டை முன்கூட்டி யாரும் போட்டுவைப்பதில்லை. தோட்டாவும் ரொட்டியும் போய்ச் சேரும் இடம் வரைக்கும் படை தாக்குப்பிடிக்கும். சேராவிட்டால் கோடு பின்னால் வந்துவிடும். அந்தக் கோடு நகரும் கணக்கும், கிடங்கு, சாலை, பாலம், லாரி எல்லாமும் யுவராணியின் பொறுப்பு. நசரத்பேட்டை வீட்டுக்கு வரும் உறவினர்கள் "பொண்ணு இன்னா வேல செய்யுது?" என்று கேட்டால், அம்மா குப்பம்மா யோசிக்காமல் "லாரி ஆபீஸ்ல கீது" என்றுவிடுவாள். யுவராணியும் மறுத்ததில்லை.

ஆட்டத்துக்குத் துப்பாக்கி வரைகிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. "புதுத் துப்பாக்கி வந்தா கேக்கு வெட்றானுங்க. நான் பாலம் போட்டா ஒரு டீகூட கெடையாது" என்று பொருமுவாள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் கண் இலையில் நிற்காது. சாம்பார் வாளி எங்கே தீர்ந்து எங்கே நிரம்பி வருகிறது என்று அதன் பின்னாலேயே போகும்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். ஆடுகிறவர்கள் போர்முனைக்கு லாரி ஓட்டிப் போகிறார்கள்; சரக்கை இறக்கியதும் லாரியை அங்கேயே போட்டுவிட்டுத் துப்பாக்கியோடு ஓடிவிடுகிறார்கள். காலி லாரியைத் திருப்பிக் கொண்டுவர ஒருத்தருக்கும் மனமில்லை. கிடங்கில் சரக்கு மலையாகக் கிடக்க, முனையில் தோட்டா இல்லாமல் படை உட்கார்ந்திருக்கிறது. குழுத் தலைவன் பிரசன்னா சொல்லிவிட்டான்: "சனிக்கிழமை சோதனை ஆட்டத்துலயும் லாரி திரும்பலைன்னா, லாரியையே எடுத்துடலாம் யுவா. சரக்கு தானா போய்ச் சேந்துடட்டும்." இரண்டு வருட உழைப்பு. அப்படியே விட்டுவிட முடியுமா?

அதற்குத்தான் வேன் நிறுத்தத்தில் இந்தத் தவம். மத்தியானத்தில் வேன் காலியாகத் திரும்பும்போது, ஓட்டுநர் சிநேகிதன் ஒருவனைக் கூப்பிட்டு முன்னால் ஏற்றிக்கொள்வதைப் பார்த்தாள். அவனிடம் காசு வாங்கவில்லை, அவனுக்கு அங்கே வேலையும் இல்லை. இருவர் வாயும் மட்டும் ஓயவில்லை. மறுநாளே ஆட்டத்து லாரியில் ஓட்டுகிறவன் பக்கத்தில் ஓர் இருக்கை போட்டாள்.

"அதுல உக்காந்து சுட முடியுமா?" என்றான் பிரசன்னா.

"முடியாது."

"அப்ப எதுக்கு?"

"பேசிகினு வர்றதுக்குப்பா."

அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் முதல் லாரி பாலத்தடியில் சரக்கை இறக்கியது. தோட்டா கிடைத்த படை பாய்ந்தது. "கோடு நகருது, நகருது!" என்று அலுவலகமே எழுந்து கத்தியது. யுவராணி எழவில்லை. ஓரமாக நின்ற அந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த இருவரும் இன்னும் இறங்கவில்லை. ஓட்டுகிறவன் எங்கிருந்தோ மைக்கில் பேசுவது அவள் ஹெட்போனில் கேட்டது.

"எறங்கி சுடப் போறியா மச்சான்?"

"இரு மச்சான், மொதல்ல அந்தக் கதைய முடி."

லாரி திரும்பியது. யுவராணி திரையில் அதன்மேல் சுட்டுவிரலை வைத்து, கிடங்கு வரைக்கும் கூடவே நகர்த்திக்கொண்டு போனாள்.