மலை விழுங்கிய சொல்

மாமாவின் வாக்கிடாக்கியை அம்மா 'குருவிப் பெட்டி' என்பாள். சம்பளமில்லாத வேலைக்கெல்லாம் முதலில் கைதூக்குகிற தம்பி, அதற்கென்று ஒரு பரீட்சையும் எழுதி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வலியசாலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று காற்றோடு பேசிக்கொண்டிருந்தால் எந்த அக்காவுக்குத்தான் பொறுக்கும்? "அதான் ஃபோன் இருக்கேடா, யாருக்கு இந்தக் கத்தல்?" என்பாள். மாமா சிரித்துக்கொள்வார்.

ஒன்பது வயதுப் பெண்ணான எனக்கோ அது தெய்வ சமாசாரம். அந்தப் பெட்டியின் குரல் தனியாகப் போனால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் களைத்துவிடுமாம். ஆனால் பொன்முடிப் பக்கத்து மலையில் ரிப்பீட்டர் என்று ஒன்று இருந்தது. நம் குரலை வாங்கி, வலுவேற்றி, மலைக்கு அந்தப்புறம் இருப்பவனுக்கும் அதே நொடியில் கொடுத்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை. பட்டனை அமுக்கியதும் ஒரு கணம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் சொல்லை விழுங்கிவிடும். மலைமேல் ஒரு பெரியவர் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டால் விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரமாகிறது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். தினமும் குளித்தபின் அந்தத் திசைக்கு ஒரு கும்பிடும் போட்டுவந்தேன்.

அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலைகளில் தராசு பழுதுபார்க்கும் வேலை. ஆடி மாதம், ஊரே கர்க்கடக மழை என்று அலுத்துக்கொள்ளும் நாட்கள். காலையில் அப்பா ஒரு எஸ்டேட்டுக்குப் போனார். மத்தியானம் அங்கே மண் சரிந்து தொழிற்சாலைச் சுவர் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பாவின் ஃபோன் கிடைக்கவில்லை. நாலு மணிவரை அதையே அழைத்துக்கொண்டிருந்த அம்மா, துணி எடுக்க மட்டுமே மாடி ஏறுகிறவள், அன்று வெறும் கையோடு ஏறினாள். "அவர் எங்க இருக்கார்னு கேளுடா," என்றாள். குருவிப் பெட்டி என்று சொல்லவில்லை.

எஸ்டேட் பக்கத்தில் மாமாவுக்கு ஒரு மலையாளிச் சிநேகிதர் இருந்தார். அவரிடமும் இதேபோல் ஒரு பெட்டி. மாமா கூப்பிட்டுச் சொன்னதும் அவர் தொழிற்சாலைக்கு ஓடினார். குடைக்குள் மூவரும் காத்து நின்றோம். கடைசியில் பெட்டி கிளிக் என்றது.

"...போயி, ஆளு."

மலையாளமானாலும் தமிழானாலும், ஊருக்குப் போகிறவரும் உலகத்தைவிட்டே போகிறவரும் ஒரே சொல்லில்தான் போகிறார்கள். அம்மா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் அவர் பட்டனை அமுக்கி, ஒரு கணம் பொறுத்துத்தான் பேசினார்.

"எவிடெ போயி? பட்டன் ஞெக்கி ஒந்நு நிந்நிட்டு பறயெடா." எங்கே போனார், பட்டனை அமுக்கிக் கொஞ்சம் நின்று சொல்லடா என்று.

கிளிக். ஒரு கணம் வெறும் இரைச்சல். பிறகு அந்தக் குரல் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் தெளிவாக வந்தது.

"விதுரைக்குப் போயி, ஆளு. ஜீப்பில. குழப்பம் ஒந்நுமில்ல."

விதுரா அடிவாரத்துச் சந்தை ஊர். சுவர் விழுவதற்கு முன்பே அப்பா இறங்கிவிட்டிருந்தார். சிநேகிதர் ஓடிவந்த அவசரத்தில் பொறுக்காமல் பேசியதால் விழுங்கப்பட்டது அந்த ஊர்ப்பெயர்தான்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பா பிழைத்ததற்காக அல்ல. அவர் சாகக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை மழையில், அத்தனை தூரத்தில், மலை கண்விழித்து எங்களுக்குப் பதில் சொன்னதே என்றுதான்.

விளக்கு வைக்கும் நேரத்தில், தம்பானூரில் பஸ் இறங்கி ஆட்டோ பிடித்து, அப்பா தொப்பலாக நனைந்து வந்து நின்றார். அம்மா வாசலில் அவரையே பார்த்தபடி நின்றாள். ஒன்றும் பேசவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பொறுத்தது போதும்மா, இப்ப பேசலாம்," என்றேன்.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அதையும் மலைதான் விழுங்கிவிட்டது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.