வண்டி ஒருவருக்கு, வாளி ஒருவருக்கு

“இன்னும் ஒரு சாண் முன்னால வரச் சொல்லு,” என்றார் பெரியப்பா.

“அப்பா, இன்னும் ஒரு சாண்,” என்றேன்.

“யாரு சாண்னு கேளு. அவரு கையி மொறம் மாதிரில்ல இருக்கும்,” என்றார் அப்பா, டிராக்டரில் உட்கார்ந்தபடி.

“வண்டியப் பிரிச்சு வாங்குனவன், ரெண்டு காதையும் சேத்து வாங்கிருக்கணும்னு சொல்லு தாயி.”

நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இருவருக்கும் நடுவே டிராக்டரின் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது.

“எடது பக்கம் லேசா ஒடிக்கச் சொல்லு.”

“எனக்கு எடதா, அவருக்கு எடதா?” என்றார் அப்பா.

“கெணத்துப் பக்கம்!”

அப்பா ஒடித்தார். “நிப்பாட்டுடா!” என்று நேராகவே கத்திவிட்ட பெரியப்பா, உடனே என் பக்கம் திரும்பி, “நிப்பாட்டச் சொல்லு,” என்றார். அதற்கு முன்பே வண்டி நின்றிருந்தது.

பெரியப்பா லோடரின் எண்ணெய் ஹோஸ்களை வண்டியில் மாட்டினார். அப்பா லிவரை அசைக்க, எரு அள்ளும் வாளியைத் தாங்கிய அதன் இரும்புக் கைகள் இறங்கி, டிராக்டரின் இருபுறமும் இருந்த பிராக்கெட்டுகளில் உட்கார்ந்தன. இரண்டு இரும்புப் பின்களையும் துண்டில் துடைத்துச் சொருகிவிட்டு பெரியப்பா விலகி நின்றார். அப்பா எரு அள்ளப் போய்விட்டார். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

பெரியப்பாவின் பெயர் மூக்கன். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில், எங்கள் தோப்பை ஒட்டி அவர் வீடு. அந்த மினி டிராக்டரை அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் வாங்கினார்கள். தென்னைகளுக்கு நடுவே புகுந்து திரும்பும் அளவு வண்டி. பிறகு கிணற்றில் யார் எப்போது மோட்டார் போடுவது என்று தொடங்கிய பேச்சு முற்றி, எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். ஓட்டத் தெரிந்த அப்பாவுக்கு வண்டி. பெரியப்பாவுக்கு மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர், கலப்பை, முன்னால் வாளி வைத்த லோடர். பிரித்து வைத்த ஊர்க்காரர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வாளி இல்லாத வண்டி எருவை அள்ளாது, வண்டி இல்லாத வாளி இருந்த இடத்தை விட்டு நகராது என்பது, குப்பைமேட்டை அள்ளும் நாள் வந்தபோதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

அன்றிலிருந்து மாட்டவும் கழற்றவும் அப்பா அங்கே போனார். நான் நடுவில் நின்றேன். அதிகம் பேசாத பெண் என்பதால் இந்த வேலைக்கு இருவருக்குமே என்னைப் பிடித்திருந்தது.

பெரியம்மா இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பெரியப்பா காலையில் பொங்குவதையே ராத்திரிக்கும் வைத்துக்கொள்வார். கடைக்குப் போனாலும் வாங்கியதும் திரும்பிவிடுவார். பகல் முழுக்கத் தகரக் கொட்டகையில் அந்தக் கருவிகளோடு இருப்பார். கிரீஸ் வைத்த இடத்திலேயே மறுபடி கிரீஸ் வைப்பார். மேலுக்கு எப்போதும் துண்டுதான். லோடர் மாட்டும் நாளில் மட்டும் சட்டை போட்டிருப்பார், அதுவும் தேய்த்த சட்டை.

லோடரோடு வந்த ஆங்கிலக் கையேட்டை நான் படித்திருக்கிறேன். ஓட்டுகிறவர் ஒருவரே மாட்டிக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். கொஞ்சம் பழகினால் போதும், வழிகாட்ட ஆள் வேண்டாம். அப்பாவுக்கு இது தெரியும். ஆனாலும் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருப்பார்.

போன தை மாதம், பழைய வண்டியை மாற்றிக் கொடுத்துப் பெரிய டிராக்டர் எடுப்பதென்று அப்பா முடிவு செய்தார். பெரியப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் ஒரு கயிற்றை எடுத்து, லோடரின் இரண்டு கைகளுக்கும் நடுவில் இழுத்துப் பிடித்து, அந்த அகலத்துக்கு இரு முனையிலும் முடிச்சுப் போட்டார்.

“அந்தப் புது வண்டியில வச்சுப் பாத்துட்டு வா. ஒங்கப்பன்கிட்ட காட்டிராத.”

புதுக்கோட்டை ஷோரூமில் அப்பா உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது, கயிற்றை வண்டியின் குறுக்கே பிடித்துப் பார்த்தேன். எட்டவில்லை. வேறு பிராக்கெட் போட்டால் சேருமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். “அது சின்ன வண்டி லோடரும்மா. இதுல போட்டாத் தாங்காது. சின்ன வண்டிக் கலப்பை, ரோட்டவேட்டரும் அப்பிடித்தான்,” என்றார்.

சாயங்காலம் போனபோது பெரியப்பா வாசலிலேயே நின்றார். சட்டை போட்டிருந்தார்.

“சேரலை பெரியப்பா.”

“எம்புட்டுக் கொறையிது?”

கையை விரித்துக் காட்டினேன். கயிற்றை வாங்கிக்கொண்டு முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். அவை இறுகிப்போயிருந்தன.

“வண்டி என்னைக்கு வருது?”

“வெள்ளிக்கிழமை.”

இரண்டாவது முடிச்சும் அவிழ்ந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“மாட்டுறதுக்கு ஒண்ணும் இல்லேன்னாலும், ஒருதரம் இங்கிட்டு ஓட்டியாரச் சொல்லு தாயி. பெரிய வண்டி, திருப்ப எடமிருக்காதும்பான். ஆள் வச்சாவது லோடரை ஓரமாத் தள்ளி வச்சிர்றேன்னு சொல்லு.”