பூனைக்குப் போட்ட ஊசி

சிவாஜிநகர் கறிக்கடை வாசலில் கண்டெடுத்த பூனைக்குட்டியோடு நானும் மகளும் ஜோகுபாளையத்து வீட்டுக்குள் நுழைந்த அன்றே மனைவி நிபந்தனை போட்டுவிட்டாள். வயது வந்ததும் வெறிநோய் ஊசி போட வேண்டும். அதற்குள் யாரையாவது கடித்தால் பூனை வீட்டைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். மகள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்; எங்கள் வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை அது.

ஊசி போடும் நாளில் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பூனையை ஒயர் கூடையில் ஏற்றுவது என் பொறுப்பு. பூனை பிடித்த அனுபவம் எனக்குக் கிடையாது. அனுபவம் இல்லாத விஷயங்களில்தான் நான் நன்றாகப் பேசுவேன்.

"கழுத்துக்குப் பின்னால கைய வெச்சு மெதுவா தடவணும். பயம் போயிடும், பாரு" என்று மகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே கையை வைத்தேன். கட்டைவிரலுக்கு அடியில் பல் இறங்கியது. நான் போட்ட கூச்சலில் பூனை மிரண்டு தானாகவே கூடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மகள் அழ ஆரம்பித்தாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சா பூனைய அனுப்பிடும்பா."

"தெரிஞ்சாத்தானே?" என்று விரலைக் குழாயில் காட்டிவிட்டுக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டேன். மகளுக்காகச் செய்யும் தியாகம் என்று நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. உண்மையில் ஊசி என்றாலே எனக்கு உதறல்.

கால்நடை மருத்துவர் கைக்குட்டையைப் பார்த்தார். "கடிச்சிடுச்சா சார்?"

"இல்ல டாக்டர், கதவுல நசுங்கிடுச்சு."

"சரி, ஸ்வல்ப கெட்டியா புடிங்க" என்றார் பாதிக் கன்னடத்தில்.

பூனை முனகாமல் ஊசியை வாங்கிக்கொண்டது. ஆட்டோவில் திரும்பும்போது எனக்குத் தெம்பு வந்துவிட்டது. "பூனைக்கே ஊசி போட்டாச்சு. அது கடிச்ச கடியும் அதுலயே சரியாயிடும்" என்றேன்.

மகள் யோசித்தாள். "ஆனா கடிச்சது ஊசிக்கு முன்னாடிதானேப்பா?"

மூன்றாம் வகுப்பு படிக்கிற பெண். நான் டிராஃபிக்கைத் திட்டினேன்.

மாலையில் மனைவி செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் கூடையோடு பூனையைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தாள். "அம்மா, இது அப்பாவக் கடிச்சிடுச்சு. இத யாருக்காச்சும் குடுத்துடலாம். நீ அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ." சொல்லிவிட்டுக் கூடையின் பிடியை விடாமல் தேம்பினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு பெரிய மனசு அந்த வீட்டில் என்னிடமிருந்து அவளுக்கு வந்திருக்க முடியாது.

"உங்களுக்கு மூளை எங்கங்க இருக்கு? ஊசிக்குப் பயந்து உயிர விடுவீங்களா?" என்று மனைவி என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டு வெகுநேரம் கையைக் கழுவினாள். கோபத்தில் இருப்பதாகத்தான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் என்னைத் திட்டினார். பிறகு, "பூனைய எங்கயும் அனுப்பாதீங்க. வீட்லயே வெச்சுப் பாத்துக்கணும், நோய் ஏதாவது தெரியுதான்னு" என்றார். மகள் அம்மாவைப் பார்த்தாள். மனைவி வேறு வழியில்லாமல் தலையாட்டினாள். அந்த வேலையை அன்று எனக்குப் பதில் அவள் பார்த்தாள்.

தடுப்பூசி தோளில், அதுபோக, கடித்த இடத்தைச் சுற்றியும் ஊசி உண்டு என்றார் நர்ஸ். நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அப்போது ஒரு சின்னக் கை என் கழுத்துக்குப் பின்னால் வந்து மெதுவாகத் தடவியது.

"பயம் போயிடும், பாருப்பா."

போகவில்லை. ஆனால் நான் யாரையும் கடிக்கவில்லை.