மாலை போடாத படம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய நோபல் பார்க்கில், எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அன்ரி இருந்தார். தொண்ணூறைத் தாண்டியும் நிமிர்ந்த நடை. விமானச் சத்தம் கேட்டால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, அது மறையும்வரை மேலே பார்ப்பார்.

அவர் வரவேற்பறையில், விமானப்படைச் சீருடையில் சிரிக்கும் ஓர் இளைஞனின் படம். மாலை இல்லாத படம் என்றால் ஆள் உயிரோடிருக்கிறார் என்று நம்பி வளர்ந்தவன் நான். “உங்கள் பேரன் நத்தார் பண்டிகைக்கு வருவானா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“அது என் அண்ணன்,” என்றார். “உலகப்போர்க் காலத்தில் புதுக் குண்டுவீச்சு விமானமொன்றைக் கடல் கடந்து ஒப்படைக்கப் போனான். வழியில் விழுந்துவிட்டது. சண்டையை அவன் பார்க்கவேயில்லை.”



போன மாதம் அவர் முதியோர் இல்லத்துக்குப் போனபோது படத்தை ஏற்க ஆளில்லை. நான் வாங்கிவந்தேன்.

“செத்தவரின்ர படத்தை மாலையில்லாமல் வைக்கேலாதப்பா,” என்றாள் மனைவி.

“அவவைக் கேட்டுட்டுப் போடும்,” என்று நழுவப் பார்த்தேன். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மாலை எதற்கென்று விளக்கினோம்.

“அப்படியென்றால் நான் இருக்கும்வரை போடாதீர்கள்,” என்றார் அன்ரி.

அண்ணன் இறந்ததை நம்பவில்லையா, எங்கள் மாலையை நம்பவில்லையா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்: “ஆரிந்த வெள்ளைக்காரத் தம்பி? மருமகனோ? சொல்லவேயில்லை!”

“பக்கத்து வீட்டு அன்ரியின்ர அண்ணன். வெளிநாடு போனவர்.”

“எப்ப வாறார்?”

தேத்தண்ணி போட எழுந்துவிடுகிறேன்.