பின்சுவருக்கு ஓர் ஏற்றுமதி

சக்கரக்காரம்மாவின் சரக்கை வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று தள்ளிவிட்டான்; கப்பலேறிப் போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டது; பின்சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும் கட்டில்காரர் அதை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார். தொழிற்பேட்டை முழுக்க இதே பேச்சு. டீக்கடையில் கிளம்பியபோது திரும்பி வந்தது இரண்டு பெட்டிதான். வெல்டிங் பட்டறையைத் தாண்டும்போது அது ஒரு கன்டெய்னராகிவிட்டது. லாரி எடை போடும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பலே திரும்பியிருந்தது.

விசாரித்துப் பார்த்ததில், கட்டில்காரர் பட்டறை வாசலில் வெளிநாட்டு முத்திரையோடு பெட்டிகள் இறங்கியது உண்மை. ஒன்று உடைந்து சக்கரங்கள் தெருவில் உருண்டதும் உண்மை. அவை அந்த அம்மாளின் அச்சில் வார்த்தவை என்பதும் உண்மை. அவருடைய அச்சில் ஒரு கீறல் உண்டு. அது ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் அரிசி நீளத்துக்கு ஒரு தழும்பு வைக்கும். அவரிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கு அந்தத் தழும்பு பெற்ற பிள்ளையின் மச்சம் மாதிரி. பெட்டி இறக்கியவர் அவர்களில் ஒருத்தியின் கணவர். இதற்குமேல் செய்தி பரவக் காரணம் வேண்டுமா?

மூன்றும் உண்மையாக இருக்க, மொத்தமும் பொய்யாக இருந்தது. ஆனால் அதைப் பொய்யென்று சொல்லும் உரிமை சக்கரக்காரம்மாவுக்கு இல்லை.

கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அடியில் உருளும் சின்னச் சக்கரங்கள்தான் அவர் தொழில். போட்ட முதலில் பாதி அவர் அண்ணனுடையது. வியாபாரம் படுத்துக்கொண்டதும் அண்ணனுக்கு ஷெட்டின் மேல் கண் விழுந்தது.

“குடோனுக்கு விட்டா உட்கார்ந்த இடத்துல வாடகை வரும். நீ என்னடான்னா சக்கரத்தைக் கட்டிக்கிட்டு அழற.”

“ஏற்றுமதிச் சங்கத்துல ஒரு குழு கிளம்புதுண்ணே. ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். ஆர்டர் கிடைக்கலேன்னா சாவி உங்க கையில.”

“ஏன், அங்கல்லாம் சக்கரமே இல்லாம கட்டிலைத் தலையில தூக்கிக்கிட்டா போறாங்க?”

அண்ணனின் தலையாட்டல் கிடைத்தது. பயணப் பெட்டியைத் தூக்கிப் பார்த்த அம்மாளின் கணவர், “இதுல துணி எங்க?” என்று கேட்டார். “சாம்பிளுக்கு நடுவுல இருக்கு. சக்கரம் அடிபடாம இருக்கணுமில்ல?” என்றார் அம்மாள்.

குழு புறப்பட்டது. சங்கத் தலைவர் விமான நிலையத்திலேயே புதிய சந்தைகளைப் பற்றிப் பேசத் தொடங்கி, போய் இறங்கிய பிறகுதான் முடித்தார். அந்த ஊரில் மழையே கிடையாது என்பது குடைக்காரருக்கு இறங்கியபின்தான் தெரிந்தது. பிரஷ்காரர் கொண்டுபோன விசிட்டிங் கார்டு முதல் நாளே தீர்ந்தது. வாங்கியவர்கள் எல்லாரும் கூட வந்தவர்கள்.

சக்கரக்காரம்மாவுக்குப் பேருந்தில் பக்கத்து இடத்தில் வாய்த்தவர் பின்சுவர்க் கட்டில்காரர். ஆஸ்பத்திரிக் கட்டில் செய்பவர். அவர் அடிக்கும் பெயின்ட் சுவர் தாண்டி வந்து சக்கரங்களின் மேல் படிய, இவர் இயந்திரத்தின் சத்தம் சுவர் தாண்டிப் போய் அவர் மதியத் தூக்கத்தைக் கெடுக்க, இரண்டு பேரும் பல வருஷமாக வாட்ச்மேன் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். வெளிநாட்டில் வாட்ச்மேனுக்கு எங்கே போவது?

“ஜன்னலைக் கொஞ்சம் மூடறீங்களா, மேடம்?”

“மூடினாப் போச்சு, தம்பி.”

“உங்களைவிட நான் ரெண்டு வயசு பெரியவன்.”

“பார்த்தா தெரியுது. இருந்தாலும் தம்பின்னா கோபம் கொஞ்சம் குறையும்னு பார்த்தேன்.”

கடைசிக்கு முந்தின நாள் ஒரு சக்கர மொத்த வியாபாரியின் கிடங்குக்குப் போனார்கள். அம்மாள் நம்பியிருந்த ஒரே இடம் அது. அந்த மனிதர் சாம்பிளைக் கையில் உருட்டினார், தரையில் உருட்டினார், ஒரு முக்காலிக்குப் பொருத்தி மேலே உட்கார்ந்து தானும் உருண்டார். விலை கேட்டபோது அவர் முகம் மலர்ந்ததை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. பிறகு சொன்னதை மொழிபெயர்ப்புப் பெண் சொன்னாள்:

“உங்க ஊருக்கு இவங்க ஏற்கெனவே சக்கரம் அனுப்பறாங்களாம்மா. அதோ, அந்தப் பெட்டியெல்லாம் அங்கதான் போகுதாம்.”

அம்மாள் பெட்டியருகே போய் விலாசத்தைப் படித்தார். அவர் தெருவுக்குப் பின்தெரு. கதவு எண் கட்டில்காரருடையது. திரும்பிப் பார்த்தபோது கட்டில்காரர் கிடங்கின் கூரையில் எத்தனை விளக்கு என்று மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்தில் ஏறும்வரை அம்மாள் பொறுத்தார்.

“ஏன் தம்பி, என் சக்கரத்துக்கு என்ன குறை? சுவருக்கு மேல தூக்கிப் போட்டா உங்க பக்கம் விழுமே!”

“குறையே இல்லக்கா.” மேடம் அக்காவாகியிருந்தார். “ஆஸ்பத்திரிக்காரங்க டெண்டர்லயே வெளிநாட்டுச் சக்கரம்னு போட்டுடறாங்க. உங்களுதுன்னு தெரிஞ்சா கட்டிலையே திருப்பி அனுப்பிடுவாங்க.”

“அந்த ஆளு மட்டும் சொந்தமா செய்யறானா? மூலையில உட்கார்ந்து எவனோ செஞ்ச சக்கரத்துல முத்திரைதான குத்தறாங்க. நான் பார்த்தேன்.”

“அந்த முத்திரைக்குத்தானக்கா நான் காசு கொடுக்கறேன்.”

அம்மாள் யோசித்தது தன்மானத்தைப் பற்றியல்ல. அண்ணன் கையில் கொடுக்க வேண்டிய சாவியைப் பற்றி.

“அப்போ என் சக்கரத்துல அவன் முத்திரை குத்தினா நீங்க வாங்குவீங்க?”

“முத்திரை இருந்தா சந்தோஷமா வாங்குவேன்.”

“வெளிய மூச்சு விடமாட்டீங்களே?”

“நானா? என் டெண்டர் போயிடும்க்கா. நீங்கதான் வாயைத் திறக்காம இருக்கணும்.”

மறுநாள் அந்த மொத்த வியாபாரியோடு ஒப்பந்தம் ஆனது. குழுவிலேயே கையெழுத்தான ஒரே ஒப்பந்தம் அதுதான் என்பதால் தலைவர் அம்மாளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். சக்கரம் லாரியில் துறைமுகம் போய், கப்பலில் கடல் தாண்டி, ஒரு குத்து வாங்கிக்கொண்டு, மறுபடி கடல் தாண்டி, துறைமுகத்திலிருந்து லாரியில் பின்தெருவுக்கு வரத் தொடங்கியது. வழியில் நின்ற எல்லாரும் பிழைத்தார்கள். அம்மாளும் பிழைத்தார்.

பெட்டி உடைந்தது அதற்குப் பிறகு. வதந்தி கேட்ட அன்றே வேலை பார்க்கும் பெண்களில் இருவர் தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வந்தார்கள். அண்ணன் குடோன்காரரையே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குடோன்காரர் டேப்பை நீட்டி வாசலை அளக்க ஆரம்பித்தார்.

“சரக்கு திரும்பி வந்துடுச்சாமே? சாவியைக் கொடு.”

“திரும்பி வரலண்ணே. போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கு.”

“பின்தெருவுக்கா?”

குடோன்காரருக்குக் காது உண்டு. அந்தக் காதுக்கு ஆஸ்பத்திரியில் மைத்துனரும் உண்டு. அம்மாள் அண்ணனை உள்ளே அழைத்துப் போய், இயந்திரத்தை முடுக்கச் சொல்லி, அந்தக் கடகடப்புக்கு நடுவே காதில் எல்லாவற்றையும் கொட்டினார். அண்ணன் முதலில் முறைத்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பெண்கள் பயந்தார்கள்.

“அடிப்பாவி! சுவருக்கு அந்தப்பக்கம் போடறதுக்குக் கப்பலா?”

“கத்தாதீங்க.”

“ஆர்டர் தொடருமா?”

“நம்ம வாய் மூடியிருக்கிறவரைக்கும் தொடரும்.”

அண்ணன் வெளியே வந்து, “தங்கச்சி கொஞ்சம் டைம் கேக்கறா” என்று குடோன்காரரை அனுப்பிவைத்தார். பெண்களிடம் அம்மாள் சொன்னது ஒன்றுதான்: “யார் என்ன கேட்டாலும், ஆமா, திரும்பி வந்துடுச்சுன்னு சொல்லுங்க. சம்பளம் மட்டும் திரும்பிப் போகாது.” தையல் கம்பெனிக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. தோற்றுப்போனவர் என்ற பட்டம் அம்மாளுக்குப் பழகிவிட்டது. டீக்கடையில் ஆறுதல் சொல்பவர்களுக்குப் பெருமூச்சு விட்டுக் காட்டவும் கற்றுக்கொண்டார்.

போன மழைக்குக் கப்பல் தாமதமானது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டில்களைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஒரு கட்டிலுக்கு மட்டும் சக்கரமில்லை. கட்டில்காரரின் தலை சுவருக்கு மேலே எழும்பியது.

“அக்கா, அவசரம். ஒரு நாலு சக்கரம் கடன் கொடுங்களேன். அடியில குனிஞ்சா பார்க்கப் போறாங்க? கப்பல் வந்ததும் கொடுத்துடறேன்.”

நான்கும் சுவர் தாண்டிப் போயின. கப்பலும் வந்தது. அம்மாள் கேட்டபோது கட்டில்காரர் நியாயமாகத்தான் பேசினார்.

“முத்திரை குத்தினதைக் கொடுத்தா எனக்கு நஷ்டம்க்கா, அது ரெண்டு மடங்கு விலை. முத்திரை இல்லாததைத்தான் திருப்பித் தரணும். அது உங்ககிட்ட மட்டும்தான் கிடைக்குது. நாலு கடன் கொடுங்க, உடனே திருப்பிக் கொடுத்துடறேன்.”

அந்தக் கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அம்மாள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நான்கு சக்கரம் பாக்கி.